வீட்டில் பிரெஞ்சுச் சமையல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரான்ஸில் பெரிய உணவகங்களில் சமைப்பது ஒரு விதம், வீடுகளில் சமைப்பது வேறு விதம். இந்தப் பக்கம் வீட்டுச் சமையலைப் பற்றியது. வார நாள் இரவில் அரை மணி நேரத்தில் முடிகிற சாப்பாடும் இதில் உண்டு, எட்டுப் பேரை அழைத்து வைக்கும் விருந்தும் உண்டு. தனியாகச் சொல்லாத இடங்களில் அளவுகள் நான்கு பேருக்கு.

பிரெஞ்சுச் சமையல் என்றாலே கஷ்டம், செலவு, நாள் முழுக்க வேலை என்கிறார்களே?

அந்தப் பெயர் உணவகங்களால் வந்தது. ஒகுஸ்த் எஸ்கோஃபியே (1846–1935) பெரிய ஹோட்டல் சமையலறைகளில் வேலையை ஆளுக்கொன்றாகப் பிரித்து ஒழுங்குபடுத்தினார். சாஸுக்கு ஒருவர், மீனுக்கு ஒருவர், இனிப்புக்கு ஒருவர். அத்தனை பேர் சேர்ந்து செய்ததை ஒருவர் தனியாக வீட்டில் செய்யப் போனால் கஷ்டம்தான்.

பிரெஞ்சு வீடுகளில் வார நாள் சாப்பாடு ரொம்ப எளிமையானது. ஒரு சூப், ஒரு ஆம்லெட், இலைக் கீரை சாலட், ரொட்டி, கடைசியில் ஒரு தயிர்க் கோப்பை. பஃப் பேஸ்ட்ரியைப் பெரும்பாலானோர் கடையில் சுருளாக வாங்கிவிடுவார்கள். பிக்கார் என்றொரு கடைத்தொடர் உறைய வைத்த உணவை மட்டுமே விற்றுப் பிழைக்கிறது, நன்றாகவே பிழைக்கிறது. இதையெல்லாம் அங்கே யாரும் குறையாக நினைப்பதில்லை.

விருந்தென்றால் மெதுவாக வேகும் ஒரே பாத்திரச் சமையல். அதை முந்தைய நாளே செய்து வைத்துவிடலாம். விருந்தாளி வந்த பிறகு நம்மை அடுப்படியில் நிறுத்தி வைக்கிற எதையும் விருந்துக்குத் தேர்ந்தெடுக்காமல் இருந்தால் போதும், பாதிப் பயம் போய்விடும்.

இதுவரை செய்ததே இல்லை. எதில் தொடங்கலாம்?

தயிர் கேக்கில். பிரெஞ்சுக் குழந்தைகள் பலர் முதலில் கற்றுக்கொள்வது இதைத்தான். தராசு வேண்டாம், தயிர் வந்த கோப்பையே அளவு. அங்கே ஒரு கோப்பை 125 கிராம். உங்களிடம் அந்த அளவில் எந்தக் கிண்ணம் இருந்தாலும் சரி.

ஒரு கோப்பை தயிர், இரண்டு கோப்பை சர்க்கரை, மூன்று கோப்பை மைதா, அரைக் கோப்பை வாசனையில்லாத எண்ணெய், 3 முட்டை, இரண்டரை டீஸ்பூன் பேக்கிங் பவுடர், ஒரு எலுமிச்சையின் தோலைத் துருவியது. தயிரையும் சர்க்கரையையும் முதலில் கலக்கவும், முட்டையை ஒவ்வொன்றாகச் சேர்க்கவும். அப்புறம் மாவும் பேக்கிங் பவுடரும், கடைசியில் எண்ணெய். மாவு போட்ட பிறகு ரொம்ப நேரம் அடிக்காதீர்கள், கேக் இறுகிவிடும். 180 டிகிரியில் 35 முதல் 40 நிமிடம். வீட்டுத் தயிர் தண்ணீராக இருந்தால் அரை மணி நேரம் துணியில் வடிய விட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு கோப்பை சர்க்கரை எனக்குத் தித்திப்பு அதிகம். ஒன்றரை போதும்.

ஓவன் இல்லாமல் முடியுமா?

முடியும். நவரான் (ஆட்டிறைச்சிக் குழம்பு), ரத்தத்தூய் (காய்கறித் தொக்கு), க்ரெப் (மெல்லிய மைதா தோசை), ஆம்லெட், சாக்லேட் மூஸ், பயறு சாலட் எல்லாமே அடுப்பிலும் ஃப்ரிட்ஜிலும் முடிகிறவை. பன்றி இறைச்சியான ஹாமும் சீஸும் வைத்த க்ரோக்-மிஸ்யூ ரொட்டியைத் தோசைக்கல்லில் மூடி போட்டுச் செய்யலாம். கிராத்தான் (பாலிலும் கிரீமிலும் வெந்து மேலே சிவந்த கிழங்கு), கீஷ் (முட்டையும் கிரீமும் நிரப்பிய பேஸ்ட்ரி), கேக் போன்றவை ஓவன் இல்லாமல் சரிப்படாது.

பிரெஷர் குக்கரில் செய்தால் அது பிரெஞ்சுச் சமையலா?

தாராளமாக. நீராவியை அடைத்து எலும்பை மென்மையாக்கும் பாத்திரத்தை 1679இல் செய்து காட்டிய தெனி பாப்பான் ஒரு பிரெஞ்சுக்காரர். 1953இல் செப் நிறுவனம் கொண்டுவந்த குக்கர் அந்த நாட்டுச் சமையலறைகளில் நிலைத்துவிட்டது. போத்-ஓ-ஃபோ (மாட்டிறைச்சியையும் காய்களையும் தண்ணீரில் மெதுவாக வேகவைப்பது) போன்ற நீண்ட நேரச் சமையலை அதில் செய்கிற பாட்டிமார் அங்கே ஏராளம்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். குக்கருக்குள் தண்ணீர் வற்றாது. அதனால் திறந்த பாத்திரத்துக்குச் சொன்ன அளவில் பாதிக்குக் கொஞ்சம் மேல் தண்ணீர் போதும். வெந்ததும் மூடியைத் திறந்து, இறைச்சியை வெளியே எடுத்து வைத்துவிட்டுச் சாறை மட்டும் கொதிக்க வைத்துக் குறுக்குங்கள். இந்தப் பத்து நிமிடத்தை விட்டுவிடுவதால்தான் குக்கரில் செய்தது சப்பென்று இருக்கிறது என்ற புகார் வருகிறது.

வைன் சேர்க்காமல் செய்யலாமா? கொதித்தால் ஆல்கஹால் போய்விடும் என்கிறார்களே?

முழுக்கப் போகாது. அமெரிக்க வேளாண்மைத் துறையின் அட்டவணைப்படி, 15 நிமிடம் கொதித்த உணவில் சேர்த்ததில் சுமார் 40 சதவீதம் மிச்சம் இருக்கும். ஒரு மணி நேரத்தில் 25 சதவீதம், இரண்டரை மணி நேரத்தில் 5 சதவீதம். மத காரணத்துக்காகவோ உடல்நலத்துக்காகவோ ஆல்கஹாலைத் தவிர்க்கிறவர்களுக்கு "கொதித்தால் போய்விடும்" என்று சமாதானம் சொல்வது நியாயமில்லை. விருந்தாளிகளிடம் முன்பே கேட்டுவிடுங்கள்.

மாற்று என்ன? வைன் கொடுப்பது புளிப்பும் பழ வாசனையும். வெள்ளை வைன் அரைக் கோப்பை என்றிருக்கும் இடத்தில் அதே அளவு காய்கறி வேகவைத்து வடித்த சாறும் ஒரு டீஸ்பூன் வினிகர் அல்லது எலுமிச்சைச் சாறும் ஈடுகட்டிவிடும். சிவப்பு வைன் ஒரு முழு பாட்டில் போகிற கோக்-ஓ-வான் (கோழி), பஃப் பூர்கினியோன் (மாட்டிறைச்சி) இரண்டுக்கும் மாற்றுத் தேடாதீர்கள். அவை பூர்கோஞ் என்ற வைன் பிரதேசத்தின் சமையல், வைன்தான் அதில் குழம்பே. திராட்சை ஜூஸ் ஊற்றினால் தித்திக்கும் கோழிதான் கிடைக்கும். வைனே தேவைப்படாத பிரெஞ்சுச் சமையல் நிறைய இருக்கும்போது எதற்கு வம்பு?

அப்படியானால் விருந்துக்கு என்ன செய்வது? எங்கள் வீட்டில் மாடும் பன்றியும் கிடையாது.

நவரான் செய்யுங்கள். செம்மறி ஆட்டிறைச்சியும் வசந்த காலக் காய்களும் சேர்ந்த குழம்பு இது. வைன் கட்டாயமில்லை, செலவும் கை மீறாது.

ஆட்டின் தோள்பட்டை இறைச்சி ஒரு கிலோ. துண்டுகள் பெரிதாக, ஒவ்வொன்றும் ஐம்பது, அறுபது கிராம் இருக்கட்டும். கடைக்காரர் வழக்கம்போலப் பொடியாக வெட்டுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். துண்டுகளைத் துணியால் ஈரம் போகத் துடைக்கவும். அடிகனமான பாத்திரத்தில் எண்ணெய் காய்ந்ததும் ஒரே அடுக்காக, இடைவெளி விட்டுப் போடவும். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டினால் தண்ணீர் விட்டு அதிலேயே வெந்துவிடும், சிவக்காது. இரண்டு மூன்று தடவையாக, எல்லாப் பக்கமும் நல்ல பழுப்பு நிறம் வரும்வரை வறுத்து எடுங்கள். இருபது நிமிடம் ஆகும், ஆகட்டும். மசாலா இல்லாத இந்தச் சமையலில் ருசியின் பெரும்பங்கு இந்தப் பழுப்பில்தான் இருக்கிறது.

அதே பாத்திரத்தில் நறுக்கிய ஒரு வெங்காயம், தட்டிய 3 பல் பூண்டு. வதங்கியதும் ஒரு மேசைக்கரண்டி மைதா தூவி இரண்டு நிமிடம் வறுக்கவும். ஒரு மேசைக்கரண்டி தக்காளி விழுது சேர்த்து, இறைச்சியைத் திருப்பிப் போட்டு, அது மூழ்கும் அளவுக்கு மட்டும் சுடுநீரோ எலும்புச் சாறோ ஊற்றவும். அடியில் ஒட்டியிருப்பதைக் கரண்டியால் சுரண்டிக் கரைத்துவிடுங்கள், அது வீணாகக் கூடாது. தைம் என்ற வாசனை இலை, பார்ஸ்லித் தண்டு, பே இலை மூன்றையும் நூலால் கட்டிப் போட்டு, உப்பும் மிளகும் சேர்த்து, மூடி போட்டு மிக மெல்லிய தீயில் ஒரு மணி நேரம். குமிழி எப்போதாவது ஒன்று வந்தால் போதும். அதன்பின் கேரட் துண்டுகள், டர்னிப், முழு சின்ன வெங்காயம் போட்டு இன்னும் 40 நிமிடம். கடைசி ஐந்து நிமிடத்தில் ஒரு கைப்பிடி பச்சைப் பட்டாணி. டர்னிப் கிடைக்காத ஊரில் நூக்கல் போடலாம்.

இது இளம் ஆட்டுக்கான கணக்கு. நம் கடைகளில் கிடைக்கும் வெள்ளாட்டுக் கறி இன்னும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் கேட்கும். காய் போடுவதற்கு முன்பே ஒரு துண்டை அழுத்திப் பாருங்கள்.

பட்டாணி தவிர மற்றதை முந்தைய நாளே முடித்து ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். காலையில் மேலே கொழுப்பு உறைந்து நிற்கும், அதைக் கரண்டியால் எடுத்துவிடலாம். ரொட்டியோ வேகவைத்த உருளைக்கிழங்கோ போதும் துணைக்கு. சோற்றுடனும் நன்றாகவே போகும்.

மசாலா இல்லையென்றால் ருசியே இருக்காதே?

உப்பு சரியான நேரத்தில் விழுந்தால் இருக்கும். வெங்காயத்தில் கொஞ்சம், இறைச்சியில் கொஞ்சம், சாறில் கொஞ்சம் என்று ஒவ்வொரு கட்டத்திலும் போட்டுச் சுவைத்துப் பாருங்கள். கடைசியில் மொத்தமாகப் போட்டால் மேலே மட்டும் கரிக்கும். அப்புறம் புளிப்பு. முடிக்கும்போது நாலைந்து சொட்டு எலுமிச்சையோ அரை டீஸ்பூன் டிஜோன் கடுகு விழுதோ சேர்த்தால் குழம்பு நிமிர்ந்துவிடும். மிளகாய்த்தூள் போட்டால் என்ன என்று கை துறுதுறுக்கும். முதல் தடவையாவது அடக்கிக்கொள்ளுங்கள்.

பே இலை விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. நம் பிரிஞ்சி இலை லவங்கப்பட்டை மரத்தின் உறவு, நீளவாக்கில் மூன்று நரம்பு ஓடும், பட்டை வாசனை அடிக்கும். பிரெஞ்சுச் சமையலில் போடும் இலை வேறு மரம், நடுவில் ஒரே நரம்பு. பிரிஞ்சி இலையைப் போட்டால் நவரான் பிரியாணிப் பக்கம் சாய்ந்துவிடும். சரியான இலை கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள், தைம் மட்டும் போதும்.

சைவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது?

தெற்கே போனால் நிறைய இருக்கிறது. நீஸ் நகரத்தின் சோக்காவைப் பாருங்கள்: கொண்டைக்கடலை மாவு 250 கிராம், தண்ணீர் அரை லிட்டர், ஆலிவ் எண்ணெய் 3 மேசைக்கரண்டி, உப்பு. கரைத்து இரண்டு மணி நேரம் வைத்துவிட்டு, நன்றாகச் சூடான இரும்புத் தட்டில் மெல்லியதாக ஊற்றி, ஓவனின் அதிகபட்ச சூட்டில் ஓரம் கருகும் வரை வைத்து, மேலே மிளகுத்தூளை அள்ளித் தூவிச் சூடாகச் சாப்பிடுவது. முட்டையும் இல்லை, பாலும் இல்லை. நம் கடலை மாவிலும் வரும்.

லு புய் என்ற ஊரின் எரிமலை மண்ணில் விளையும் கரும்பச்சைப் பயறு இன்னொன்று. 20 முதல் 25 நிமிடத்தில் வேகும், ஆனால் குழையாது. ஊர்ப்பெயரைச் சட்டப்படி காக்கும் தரச்சான்று 1996இலேயே கிடைத்துவிட்டது. பதிலுக்குத் தோலுடன் கூடிய முழு மசூர் பருப்பைப் பக்கத்தில் நின்று பதம் பார்த்து வேகவைத்தால் ஓரளவு அதே மாதிரி வரும். வடித்து, சூடு இருக்கும்போதே கடுகு விழுது, வினிகர், எண்ணெய் கலவையை ஊற்றிக் கிளறவும். ஆறிய பின் ஊற்றினால் உள்ளே இறங்காது. பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயமும் பார்ஸ்லியும் மேலே. இரண்டு நாள் கெடாது, மதிய டப்பாவுக்கு அருமையானது.

மறைந்திருக்கும் அசைவத்தைக் கவனிக்க வேண்டும். வெங்காய சூப்பை உணவகங்களில் பெரும்பாலும் மாட்டெலும்புச் சாறில்தான் செய்வார்கள். கீஷ் லொரேனில் பன்றி இறைச்சி உண்டு. கொம்தே, ரோக்ஃபோர் போன்ற பாரம்பரிய சீஸ்களில் பாலை உறைய வைக்க விலங்கின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட் சேரும். கண்டிப்பான சைவம் என்றால் இந்தியாவில் பச்சைப் புள்ளி போட்ட சீஸ் வாங்குங்கள். வெளிநாட்டில் உறையில் சைவம் என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள்.

ரத்தத்தூய் செய்தால் கூழாகிவிடுகிறது. ஏன்?

எல்லாக் காயையும் ஒன்றாகப் போட்டதால். கத்தரிக்காய், சுக்கினி, குடைமிளகாய், வெங்காயம் ஒவ்வொன்றையும் தனித்தனியாக ஆலிவ் எண்ணெயில் வதக்கி எடுத்து வையுங்கள். தோலுரித்த தக்காளியைப் பூண்டு, தைம் சேர்த்துத் தொக்குப் பதத்துக்குச் சுருக்கி, அதில் எல்லாவற்றையும் கலந்து 15, 20 நிமிடம் மெல்லிய தீயில் விடவும். தீர்ந்தது. மெல்லிய வட்டங்களாக அடுக்கி வைத்த படம் பார்த்திருப்பீர்கள். அது புரோவான்ஸ் பகுதியில் தியான் என்று செய்வதற்கு நெருக்கம். பார்க்க அழகு, ருசியில் தொக்குதான் ஒரு படி மேல் என்பது என் கட்சி. மறுநாள் குளிர்ச்சியாகச் சாப்பிட்டுப் பாருங்கள்.

கிராத்தான் தோஃபினுவாவில் சீஸ் போட வேண்டுமா?

இந்த உருளைக்கிழங்கு கிராத்தான் பிறந்த, தென்கிழக்கு பிரான்ஸின் தோஃபினே பகுதிக்காரர்களைக் கேட்டால் கூடாது என்பார்கள், முட்டையும் கூடாது. 1788 ஜூலையில் காப் என்ற ஊரின் அதிகாரிகளுக்குக் கொடுத்த விருந்து ஒன்றில் இந்த உணவின் பெயர் முதலில் பதிவாகியிருக்கிறது. உருளைக்கிழங்கு, பால், கிரீம், பூண்டு, அவ்வளவுதான். மாவுச்சத்தே பாலைக் கெட்டியாக்குகிறது. அதனால் வெட்டிய கிழங்கைக் கழுவவே கூடாது, தண்ணீரில் போட்டும் வைக்கக் கூடாது. நாம் கைப்பழக்கத்தில் செய்கிற முதல் காரியமே அதுதான்.

ஒரு கிலோ கிழங்கைத் தோல் சீவிக் கழுவித் துடைத்து, 3 மில்லிமீட்டர் தடிமனில் வட்டமாகச் சீவவும். அரை லிட்டர் கொழுப்புள்ள பால், கால் லிட்டர் கிரீம், உப்பு, மிளகு, கொஞ்சம் துருவிய ஜாதிக்காய் சேர்த்து, கிழங்கை அதிலேயே பத்து நிமிடம் மெதுவாகக் கொதிக்க விடவும். பால் லேசாகக் கெட்டியாகும். பூண்டு தேய்த்து வெண்ணெய் தடவிய தட்டில் கொட்டி, 160 டிகிரியில் ஒரு மணி நேரம், மேலே பொன்னிறம் வரும்வரை. எடுத்தவுடன் வெட்டாதீர்கள். 15 நிமிடம் கழித்துத்தான் துண்டு நிற்கும். சீஸ் போட்டால் யாரும் வழக்குப் போட மாட்டார்கள், ஆனால் பால் வாசனை அதில் அமுங்கிவிடும்.

விருந்துக்கு இது வரம். காலையிலேயே செய்து வைத்து மாலையில் 20 நிமிடம் சூடாக்கலாம்.

கிரீம் ஊற்றினால் திரிந்துவிடுகிறது.

இந்தியாவில் டெட்ரா பேக்கில் வரும் கிரீமில் 25 சதவீதம்தான் கொழுப்பு. பிரெஞ்சு க்ரெம் ஃப்ரேஷில் குறைந்தது 30. கொழுப்பு குறைந்தால் புளிப்பையும் கொதியையும் தாங்காது. தீயை அணைத்துவிட்டு ஊற்றுங்கள், எலுமிச்சையோ கடுகு விழுதோ அதே நிமிடத்தில் சேர்க்காதீர்கள். விப்பிங் கிரீம் கிடைத்தால் பிரச்சினையே இல்லை. வாங்கும்போது இனிப்புச் சேர்க்காததா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பெஷமெல் சாஸ் கட்டி தட்டாமல் வர என்ன வழி?

40 கிராம் வெண்ணெய், 40 கிராம் மைதா, அரை லிட்டர் பால். வெண்ணெய் உருகியதும் மாவைப் போட்டு நிறம் மாறாமல் இரண்டு நிமிடம் வறுக்கவும். குளிர்ந்த பாலை முதலில் ஒரு கரண்டி ஊற்றி விஸ்கால் கிளறிப் பசையாக்குங்கள். மறுபடி ஒரு கரண்டி. மூன்றாவது கரண்டிக்குப் பிறகு மிச்சத்தை மொத்தமாக ஊற்றலாம். கெட்டியானதும் இறக்கிவிடாதீர்கள். மெல்லிய தீயில் இன்னும் எட்டு நிமிடம் வைத்தால்தான் மாவு வாசனை போகும். அப்படியும் கட்டி இருந்தால் வடிகட்டிவிடுங்கள், யாருக்கும் தெரியாது.

இது கைக்கு வந்துவிட்டால் வார நாள் சாப்பாடு பாதி முடிந்த மாதிரி. காலிஃப்ளவரை உப்பு நீரில் எட்டு நிமிடம் வேகவைத்து நன்றாக வடித்து, மேலே பெஷமெல், துருவிய சீஸ், 200 டிகிரியில் 20 நிமிடம். குழந்தைகள் காலிஃப்ளவர் கேட்டு வாங்கிச் சாப்பிடுவது இந்த ஒரு வடிவத்தில்தான். 1910 வாக்கில் பாரிஸ் கஃபேக்களில் வந்த க்ரோக்-மிஸ்யூவும் இதன் உறவே. இரண்டு ரொட்டித் துண்டுக்கு நடுவே ஹாமும் சீஸும், மேலே பெஷமெல், அதன் மேல் இன்னும் சீஸ், ஓவனில் சிவக்கும் வரை. ஹாமுக்குப் பதில் வதக்கிய காளான் வைக்கலாம். பொரித்த முட்டையை மேலே வைத்தால் அது க்ரோக்-மதாம்.

பிரெஞ்சு ஆம்லெட்டுக்கும் நம்முடையதுக்கும் என்ன வித்தியாசம்?

நிறம். அதில் பழுப்பே வரக்கூடாது. 3 முட்டை, உப்பு, முள்கரண்டியால் லேசாக அடித்தால் போதும். 15 கிராம் வெண்ணெய் நுரைத்து அடங்கியதும் ஊற்றி, ஓரத்திலிருந்து நடுவுக்கு இழுத்துக்கொண்டே இருந்து, மேலே இன்னும் ஈரம் இருக்கும்போதே மடித்துத் தட்டில் கவிழ்க்கவும். ஒரு நிமிடச் சமையல். உள்ளே ஈரமாக இருப்பது பிடிக்காதவர்கள் இதை விட்டுவிட்டு வேறு செய்யலாம்.

வெங்காய சூப்பை அரை மணி நேரத்தில் செய்ய முடியுமா?

முடியாது. செய்முறைகளில் "வெங்காயத்தைப் பத்து நிமிடம் பொன்னிறமாக வதக்கவும்" என்று எழுதுகிறவர்கள் அடுப்படிக்குப் போகிறார்களா என்று எனக்குச் சந்தேகம் உண்டு. ஒரு கிலோ வெங்காயம் 50 கிராம் வெண்ணெயில் இனிப்பேறிப் பழுப்பாக முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வேண்டும். அடிக்கடி அடி பிடிக்கும், அப்போதெல்லாம் ஒரு கரண்டி தண்ணீர் விட்டுச் சுரண்டுங்கள். அதற்குப் பிறகு ஒரு கரண்டி மாவு, எலும்போ காய்கறியோ வேகவைத்து வடித்த சாறு ஒன்றேகால் லிட்டர், 20 நிமிடக் கொதி. கிண்ணத்தில் ஊற்றி, வறுத்த ரொட்டியும் சீஸும் மேலே வைத்து ஓவனில் காட்டினால் தயார். பாரிஸின் லே ஆல் சந்தையில் இரவெல்லாம் மூட்டை தூக்கியவர்கள் விடியற்காலையில் குடித்த சூப் இது. 1969இல் மொத்த வியாபாரம் பாரிஸுக்கு வெளியே ரன்ஜிஸ் என்ற ஊருக்கு இடம் மாறியது, சூப் அந்தப் பகுதி உணவகங்களில் தங்கிவிட்டது.

வெங்காயத்தை மட்டும் விடுமுறையில் வதக்கி ஃப்ரீஸரில் வைத்துக்கொண்டால், அப்புறம் அரை மணி நேரத்தில் முடியும்.

மீனில் எளிதாக ஏதாவது?

இரண்டு வழி. ஒன்று, பட்டர் பேப்பரில் பொட்டலம் கட்டுவது. தீக்குச்சி மாதிரி நறுக்கிய கேரட், அதன் மேல் முள் இல்லாத மீன் துண்டு, உப்பு, ஒரு துண்டு வெண்ணெய், ஒரு வட்டம் எலுமிச்சை. ஓரத்தை இறுக்கி மடித்து 200 டிகிரியில் 12 முதல் 15 நிமிடம். ஆளுக்கொரு பொட்டலம், மேசையில் அவரவர் பிரிக்கும்போது ஆவி எழும்பும். வேலை பத்து நிமிடம்தான், விருந்தாளிகள் மயங்கிவிடுவார்கள்.

இன்னொன்று மெனியேர். நாக்கு மீனில் மாவு தூவி வெண்ணெயில் பக்கத்துக்கு மூன்று நிமிடம் பொரித்து எடுக்கவும். சட்டியைத் துடைத்துவிட்டுப் புது வெண்ணெய் 50 கிராம் போட்டு, நெய் காய்ச்சும்போது கசண்டு சிவந்து மணம் வருமே, அந்த நிலையில் நிறுத்தி எலுமிச்சையைப் பிழிந்து மீன் மேல் ஊற்றவும். ஒரு விநாடி தாமதித்தால் கருகும். இது இரண்டு பேருக்கானது. எட்டுப் பேருக்குச் செய்ய முயன்றால் நீங்கள் மட்டும் சாப்பிடாமல் நிற்பீர்கள்.

விருந்தில் எந்த வரிசையில் பரிமாற வேண்டும்?

யுனெஸ்கோ 2010இல் பிரெஞ்சுக்காரர்களின் விருந்து முறையையே கலாசார மரபாகப் பட்டியலில் சேர்த்தது. தனி உணவு எதையும் அல்ல, எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து வரிசையாகச் சாப்பிடுவதை. முதலில் ஒரு பானமும் கொறிக்க ஏதாவதும், பிறகு தொடக்க உணவு, அடுத்து காய்களோடு மீன் அல்லது இறைச்சி, அப்புறம் சீஸ், கடைசியில் இனிப்பு. பச்சைச் சாலட் வைத்தால் முக்கிய உணவுக்குப் பிறகு, சீஸுக்கு முன்பு அல்லது அதோடு. எல்லாவற்றையும் ஒரே தட்டில் நிரப்பும் பழக்கம் உள்ளவர்களுக்கு இது மெதுவாகத் தோன்றும். இரண்டரை மணி நேரம் பேச்சோடு போகிற சாப்பாடு, அவசரப்படாதீர்கள்.

எட்டுப் பேருக்கு நான் சொல்கிற பட்டியல்: பயறு சாலட், நவரான், கிராத்தான், பச்சை இலைச் சாலட், சாக்லேட் மூஸ். பயறும் நவரானும் மூஸும் முந்தைய நாள், கிராத்தான் அன்று காலை. விருந்தாளி வந்தபின் வேலை என்பது சூடாக்குவதும் சாலட் கலப்பதும்தான்.

சாலட் கலவை ஒரு பங்கு வினிகருக்கு மூன்று பங்கு எண்ணெய், ஒரு டீஸ்பூன் டிஜோன் கடுகு விழுது. உப்பை முதலில் வினிகரில் கரையுங்கள், எண்ணெயில் அது கரையாது. இலைகளில் துளி ஈரம் இருந்தாலும் கலவை ஒட்டாது. பரிமாறும் நொடியில்தான் கலக்க வேண்டும்.

மூஸில் பச்சை முட்டை சேர்ப்பது பரவாயில்லையா?

பிரெஞ்சு வீட்டு முறையில் 200 கிராம் கறுப்புச் சாக்லேட், 6 முட்டை, ஒரு சிட்டிகை உப்பு, வேறொன்றும் கிடையாது. உருகி ஆறிய சாக்லேட்டில் மஞ்சள் கரு, பிறகு நுரைக்க அடித்த வெள்ளைக் கருவை மெதுவாக மடித்துக் கலந்து, நான்கு மணி நேரம் ஃப்ரிட்ஜில். கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், வயதானவர்கள் இருந்தால் பச்சை முட்டை வேண்டாம். அதே சாக்லேட்டோடு 300 மில்லி விப்பிங் கிரீமை அடித்துக் கலந்தால் முட்டையில்லாத மூஸ். கொஞ்சம் கனமாக இருக்கும், சைவர்களுக்கும் ஆகும்.

தார்த் தத்தான் (கேரமலில் வெந்த ஆப்பிளை மேலே வைத்துக் கவிழ்க்கும் இனிப்பு) தவறுதலாகக் கண்டுபிடித்தது என்பது உண்மையா?

லாமோத்-பெவ்ரோன் ஊரில் ஹோட்டல் நடத்திய தத்தான் சகோதரிகளின் பெயர் அதற்கு வந்தது உண்மை. ஆப்பிளைத் தலைகீழாகப் போட்டுவிட்டார்கள் என்பது கதை, நல்ல கதை. செய்யும்போது உறுதியான பச்சை ஆப்பிள் வாங்குங்கள். மாவு மாதிரி உதிரும் வகை கேரமலில் கரைந்துவிடும்.

எதையெல்லாம் வாங்கி வைக்க வேண்டும்?

உப்பில்லாத வெண்ணெய், டிஜோன் கடுகு விழுது, நல்ல வினிகர், தைம். அடிகனமான மூடியுள்ள பாத்திரம் ஒன்று. எனாமல் பூசிய விலையுயர்ந்த பிரெஞ்சு இரும்புப் பாத்திரம் ஆசைப்பட்டால் வாங்கலாம், அவசியமில்லை.

மீந்ததை என்ன செய்வது?

நவரானோ போத்-ஓ-ஃபோவோ மீந்தால் அஷி பார்மான்தியே. பெயருக்குக் காரணமான பார்மான்தியே ராணுவ மருந்தாளர். பிரஷ்யாவில் போர்க் கைதியாக இருந்தபோது உருளைக்கிழங்கைத் தின்று பழகி, ஊர் திரும்பியதும் மக்களை அதைச் சாப்பிட வைக்கப் பாடுபட்டவர். இறைச்சியை எலும்பு நீக்கி உதிர்த்து, சாறில் கொஞ்சம் சேர்த்துத் தட்டில் பரப்புங்கள். மேலே ஒரு கிலோ கிழங்கை 50 கிராம் வெண்ணெயும் ஒரு கோப்பைச் சூடான பாலும் விட்டு மசித்துப் பரப்பி, முள்கரண்டியால் கோடு கிழித்து, 200 டிகிரியில் 25 நிமிடம். சாறு ஓரத்தில் குமிழிட்டு மேலே வந்தால் ஆகிவிட்டது. இதற்காகவே நவரானை அரைக் கிலோ கூடுதலாகச் செய்கிறவர்களும் உண்டு.